வைஃபையில் குரல் அழைப்பு உடைகிறதா? முதலில் ஏர்டைமைப் பாருங்கள்

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும்; மற்றவை காத்திருக்க வேண்டும். சிக்னல் முழுதாக இருந்தும் அழைப்பு விட்டுவிட்டுக் கேட்டால், பெரும்பாலும் ஏர்டைம், அதாவது சேனலில் பேசக் கிடைக்கும் நேரம், தீர்ந்திருக்கிறது. இந்த நெரிசலைக் குறைக்காமல் குரலுக்கு முன்னுரிமை கொடுத்துப் பெரிய பயன் இல்லை.

ஆட்கள் அதிகம் இருக்கும் நேரத்தில் ஆக்சஸ் பாயின்டின் (வைஃபை தரும் கருவி) நிர்வாகப் பக்கத்தில் சேனல் பயன்பாட்டைப் பாருங்கள். 50 சதவீதத்தைத் தாண்டினாலே குரல் தடுமாறும் என்று வைத்துக்கொள்ளலாம்.

2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல்கள் போதும், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 'காலியாக இருக்கிறதே' என்று 3-ஐத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரே சேனலில் இருப்பவை ஒன்றையொன்று கேட்டு வழிவிடும். பாதி மட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் சேனல்களுக்கு அடுத்தவர் பேச்சு வெறும் இரைச்சல்தான். ஃபிரேம் (காற்றில் போகும் தரவுத் துண்டு) சிதைந்து, மறுபடி மறுபடி அனுப்ப நேரும். 5 கிகாஹெர்ட்ஸில் ஆக்சஸ் பாயின்ட்கள் நெருக்கமாக இருந்தால் அங்கும் 20 அல்லது 40-தான். அகலத்தை இரட்டித்தால் இரைச்சலும் 3 டெசிபல் கூடும்.

அடுத்தது, பலர் கவனிக்காமல் விடும் பீக்கன். ஒவ்வொரு எஸ்எஸ்ஐடியும் (வைஃபை நெட்வொர்க்கின் பெயர்) வழக்கமாக 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை பீக்கன் அனுப்பித் தன்னை அறிவிக்கும். 250 பைட் பீக்கன் 1 எம்பிபிஎஸ் வேகத்தில் போக ஏறக்குறைய 2.2 மில்லிவிநாடி பிடிக்கும். ஒரே சேனலில் ஒன்றுக்கொன்று கேட்கும் 5 ஆக்சஸ் பாயின்ட்கள், ஒவ்வொன்றிலும் 4 எஸ்எஸ்ஐடி என்றால் 20 பீக்கன், 44 மில்லிவிநாடி. யாரும் ஒரு பைட்கூட அனுப்பாதபோதே 40 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது! எஸ்எஸ்ஐடியை இரண்டாகக் குறைத்து, குறைந்தபட்ச வேகத்தை 12 எம்பிபிஎஸ் ஆக்குங்கள். பீக்கன் செலவு 2 சதவீதத்துக்குள் அடங்கும். 802.11பி என்ற பழைய வைஃபை தரம் மட்டுமே தெரிந்த பழைய ஸ்கேனர், பிரிண்டர்கள் இதனால் துண்டிக்கப்படும். அவை இருக்கின்றனவா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

இனி முன்னுரிமைக்கு வரலாம். வைஃபையின் முன்னுரிமை முறையான டபிள்யூஎம்எம் எல்லாவற்றையும் குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என நான்கு வரிசைகளில் பிரிக்கும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் முன்னுரிமையைச் சொல்லும் டிஎஸ்சிபி குறி குரலுக்கு வழக்கமாக 46, இருமத்தில் 101110. பல கருவிகள் முதல் மூன்று பிட்டை மட்டும் எடுத்து, வைஃபை முன்னுரிமை எண் 5 என்று படித்து, அழைப்பை வீடியோ வரிசையில் தள்ளிவிடும். குரல் வரிசைக்கு 6 வேண்டும். ஆகவே 46-ஐ 6-க்கு மாற்றும் விதியை ஆக்சஸ் பாயின்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் குரல் என்று குறிக்கவும் கூடாது: அந்த வரிசையில் காத்திருப்பு மிகக் குறைவு என்பதால் பல கருவிகள் ஒரே கணத்தில் பேசி மோதிக்கொள்ளும்.

போன் அனுப்பும் திசையில் வரிசையை முடிவு செய்வது போன்தான். அழைப்பு நடக்கும்போது காற்றில் போகும் ஃபிரேம்களைப் பிடித்து, கியூஓஎஸ் (முன்னுரிமை) புலத்தில் டிஐடி, அதாவது அந்த முன்னுரிமை எண், 6 ஆக இருக்கிறதா என்று இரு திசையிலும் பாருங்கள். மேலே போகும் திசையில் மட்டும் 0 தெரிந்தால், திருத்த வேண்டியது போனில் உள்ள செயலியின் அமைப்பை.