வயர்ஷார்க்கில் டிசிபி சீக்வென்ஸ் எண்: கையால் கூட்டிப் படிப்போம்

நெட்வொர்க்கில் போய்வரும் பேக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்ததும் புதியவர்களைத் திணறடிப்பது சீக் (அனுப்பும் தரவு தொடங்கும் எண்), அக் (அடுத்து எதிர்பார்க்கும் எண்) என்று வரிக்கு வரி ஓடும் எண்கள்தான். பேக்கெட்டுக்கு ஒரு எண் என்று நினைத்துப் பார்த்தால் எதுவும் ஒத்துவராது. இரு கணினிகளுக்கிடையே தரவை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் விதிமுறையான டிசிபி எண்ணுவது பைட்டுகளை.

படி 1: எதைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் கேப்சர் ஃபில்டரில் டிசிபி போர்ட் 80 (ஹெச்டிடிபியின் வழக்கமான போர்ட்) என்று கொடுத்து ஓடவிடுங்கள். டெர்மினலில், வலைப்பக்கத்தைக் கேட்டு வாங்கும் கர்ல் கட்டளை வழியாக எக்ஸாம்பிள் டாட் காமை ஹெச்டிடிபியில் கேளுங்கள். பதில் வந்ததும் நிறுத்திவிடலாம்.

படி 2: முதல் மூன்று வரிகள் ஹேண்ட்ஷேக், அதாவது இணைப்பை ஏற்படுத்தும் பரிமாற்றம். இணைப்பைக் கேட்கும் நம் சின்னில் சீக் 0. சர்வரின் சின்-அக்கில் சீக் 0, அக் 1. நம் அக்கில் சீக் 1, அக் 1. ஒரு பைட் தரவுகூடப் போகவில்லையே, 1 எங்கிருந்து வந்தது? சின் கொடி தனக்கென்று ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும். இணைப்பை முடிக்கும் ஃபின்னும் அப்படித்தான்.

படி 3: இங்கே கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். நாலாவது வரி நம் கோரிக்கை: சீக் 1, லென் (தரவின் பைட் அளவு) 75. அந்த 75ஐ நீங்களே எண்ணிப் பார்க்கலாம். வரி முடிவுக்கு இரண்டு பைட் சேர்த்து கெட் வரி 16, ஹோஸ்ட் 19, யூசர்-ஏஜென்ட் 25, அக்செப்ட் 13, கடைசி வெற்று வரி 2. இது கர்ல் 7.88.1 கணக்கு, உங்கள் பதிப்பில் ஒன்றிரண்டு மாறலாம். பக்கத்தில் உள்ள லெங்த் பத்தியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அதில் தரவுக்கு முன்னால் ஒட்டப்படும் பேக்கெட் ஹெடர்களும் சேர்ந்திருக்கும்.

சரி, 1 + 75 = 76. சர்வரின் அடுத்த வரியில் அக் 76 இருக்கும். “75 வரை வந்து சேர்ந்தது, இனி 76ஆவது பைட்டை அனுப்பு” என்று அர்த்தம். அதே வரியில் சர்வரின் சீக் இன்னும் 1தான், ஏனென்றால் அது தன் தரவை இன்னும் அனுப்பவில்லை. இரண்டு திசைக்கும் தனித்தனிக் கணக்கு. எனக்கு இதைப் புரியவைத்தது பேப்பரில் இரண்டு பத்தி போட்டுக் கூட்டியதுதான்; நீங்களும் ஒருமுறை அப்படிச் செய்யுங்கள்.

படி 4: சின்னில் பார்த்த தொடக்க 0, நம் வசதிக்காக வயர்ஷார்க் காட்டுவது. டிசிபி அமைப்பில் ரிலேட்டிவ் சீக்வென்ஸ் எண் என்ற தேர்வை எடுத்துவிட்டால் நிஜ எண் தெரியும். அது 32 பிட் எண். 4294967295ஐத் தொட்டதும் மறுபடி 0. வெளியாள் ஊகித்துப் போலிப் பேக்கெட்டை நுழைக்காதபடி, தொடக்க எண்ணை ஊகிக்க முடியாததாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அப்புறம், பெரிய கோப்பு ஒன்றை இறக்கும்போது ஒரே அக் எண் திரும்பத் திரும்ப வருகிறதா? பெரும்பாலும் அந்த எண்ணில் தொடங்கும் பேக்கெட் வழியில் தொலைந்திருக்கும். கீழே போய் அதே சீக் எண்ணோடு மறுமுறை அனுப்பப்பட்ட வரியைத் தேடுங்கள்.