ஹோமோஜெனைசர் வால்வு படம்: அந்த இடுக்கைத் தனியாக வரைந்தேன்
பாலின் கொழுப்புத் துளிகளைப் பொடியாக உடைக்கும் இயந்திரமான ஹோமோஜெனைசரின் வால்வுக் குறுக்குவெட்டை முதலில் சாதாரணத் தண்ணீர்க் குழாய் வால்வு போலவே வரைந்துவிட்டேன். "இதில் கொழுப்பு எங்கே உடைகிறது?" என்று படத்தைப் பார்த்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வால்வுக்கும் அது பொருந்தி உட்காரும் இருக்கைக்கும் (seat) நடுவே உள்ள இடுக்கு சுமார் 0.1 மி.மீ.தான், சரியான அளவில் வரைந்தால் வெறும் கோடாகத்தான் தெரியும்.

அப்புறம் அந்த இடத்தை மட்டும் வட்டத்துக்குள் பெரிதாக்கி, 'அளவுப்படி அல்ல' என்று எழுதினேன். ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் வரும் பால் இருக்கையின் நடுத்துளையில் ஏறி, வால்வின் முகத்தில் மோதித் திரும்பி, இடுக்கு வழியே எல்லாப் பக்கமும் நொடிக்கு 100 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்கிறது. கொழுப்புத் துளிகள் சிதறுவது இங்கேதான். அதனால் இடுக்குக்கு முன் பெரிய வட்டங்கள், தாண்டியதும் பொடிப் புள்ளிகள். அம்புக்குறியும் இடுக்கில் மட்டும் நீளம். இந்த முறை யாரும் கேள்வி கேட்கவில்லை.