மெல்பர்ன் படிப்புக்கு அப்பா சம்மதித்த விதம்

காதலர் இருக்கும் மெல்பர்னுக்குப் படிக்கப் போகிறேன் என்றதும், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் தோட்டத்து வீட்டில் அப்பாவின் பேச்சு ஒரே இடத்தில் முட்டி நின்றது: “அந்தப் பையனுக்காகத்தானே போறே?” ஆமாம்பா, அதற்காகவும்தான் என்றேன். மறைத்திருந்தால் அப்பா அடுத்து எதையும் காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டார். அப்புறம் காதலர் இல்லாமலும் நிற்கும் திட்டத்தை எழுதிக் காட்டினேன்: எனக்குப் பிடித்த பாடம், தனி அறை, என் பெயரில் வங்கிக் கணக்கு.

பணம்தான் பெரும்பாடு. பிடிபிடிஎன் எனும் மலேசிய அரசின் உயர்கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான். ஆனால் ஈபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதியில் உள்ள ‘அக்காவுன் செஜாத்தெரா’ என்ற கணக்கிலிருந்து பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்கு எடுக்கலாம். செம்பனை எண்ணெய் ஆலையில் அப்பா உழைத்து அதில் சேர்த்தது முதல் தவணைக்குக் கைகொடுத்தது. மீதியை ஈப்போவில் வேலை பார்த்துச் சேர்த்தேன். ஆஸ்திரேலிய மாணவர் விசாவில், வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதை நம்பிக் கட்டணக் கணக்குப் போடாதீர்கள்.

அப்பாவின் ஒரே நிபந்தனை, ஊர் திரும்பும் டிக்கெட் பணத்தைத் தொடக்கூடாது என்பது. சரி என்றேன்; அது அப்படியே இருக்கிறது.