நெல்லையிலிருந்து டிராக் டேக்கு: ரோட்டு டயர் தேர்வு, படிப்படியாக

150 முதல் 400 சிசி வரை பைக் வைத்திருப்பவர்கள், அதே பைக்கில் வேலைக்கும் போய்க்கொண்டு வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை டிராக் டேயில் (பந்தயப் பாதையைச் சாதாரண ஓட்டிகளுக்குத் திறந்துவிடும் நாள்) ஓட்டிப் பார்க்க நினைப்பவர்கள், இவர்களுக்காக எழுதியது இது. டயர் கடையில் கேட்டால் "நல்ல கிரிப் டயர் போடுங்க" என்பார்கள். எந்த ரோட்டில் நல்ல கிரிப் என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

முதலில் தூரக் கணக்கு. திருநெல்வேலிக்குப் பக்கத்து டிராக் என்றால் கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. மதுரை வழியாகப் போக ஏறத்தாழ 370 கிலோமீட்டர். டிராக் ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். ஒருமுறை டிராக்கில் இறங்கும் 20 நிமிட செஷனில் புதியவர் பத்துப் பன்னிரண்டு சுற்று வருவார். ஐந்து செஷன் ஓட்டினாலும் மொத்தம் 100, 120 கிலோமீட்டர்தான். அதாவது டிராக்கில் நூறு கிலோமீட்டர் சாய்ந்து ஓட்ட, நெடுஞ்சாலையில் 740 கிலோமீட்டர் நேராக ஓட்டுகிறீர்கள். சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக் என்றால் இந்தக் கணக்கு இன்னும் மோசம். மெத்தென்ற டயரைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் ஓரம் தேயும் முன்பே நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகிவிடும். தட்டையான டயர் சாயும்போது ஒரு விளிம்பில் ஏறி இறங்குவது போல உணரும். வளைவில் அந்த உணர்வு வந்தால் புதியவருக்கு நம்பிக்கை போய்விடும்.

படி 1: இருக்கும் டயரே போதுமா?

பலருக்குப் போதும். முதல் டிராக் டேயில் டயரின் எல்லையை நீங்கள் தொடப்போவதில்லை. பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ சிறு முக்கோணமோ அந்த இடத்தைக் காட்டும். டயரின் மேற்பரப்பு அந்த மேட்டுக்கு 2 மில்லிமீட்டர் அருகில் வந்துவிட்டால் டிராக்குக்குக் கொண்டுபோக வேண்டாம். சாலையில் இன்னும் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் ஒரு டிராக் டே அதைத் தின்றுவிடும்.

பிறகு பக்கவாட்டை விரலால் அமுக்கிப் பாருங்கள். வெயிலில் வருஷக்கணக்காக நின்ற வண்டி என்றால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு தெரியும். வெடிப்பு இருந்தால் பள்ளம் எவ்வளவு ஆழம் இருந்தாலும் அந்த டயர் வேண்டாம்.

பஞ்சர் ஒட்டிய டயர்? நம் ஊரில் உடைமுள் குத்தாத டயர் அபூர்வம். நடுவில் குத்தி, உள்ளிருந்து பேட்ச் ஒட்டியது என்றால் சாலைக்கு ஓட்டலாம். ரப்பர் குச்சி மட்டும் சொருகிய டயரை டிராக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். சாய்ந்து ஓட்டும்போது டயர் நெளியும், சூடேறும். குச்சி பிடுங்கிக்கொள்ளும். ஓரத்திலோ பக்கவாட்டிலோ முள் ஏறியிருந்தால் எந்த ஒட்டும் உதவாது. பஞ்சர் ஆகாமல் இருக்க உள்ளே ஊற்றும் திரவமும் வேண்டாம். வேகத்தில் அது ஒருபக்கம் திரண்டு சக்கரத்தை அதிரவைக்கும்.

படி 2: பக்கவாட்டைப் படியுங்கள்

140/70 ஆர் 17 66எச் என்று இருந்தால்: அகலம் 140 மில்லிமீட்டர், உயரம் அதில் 70 சதவீதம், ஆர் என்றால் ரேடியல் (உள் இழைகள் குறுக்கே நேராக ஓடுவது), ரிம் 17 அங்குலம், 66 என்றால் 300 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. பி (P) என்றால் 150, எஸ் என்றால் 180, வி என்றால் 240. ஆர் இருக்கும் இடத்தில் வெறும் கோடு இருந்தால் அது பயாஸ் டயர் (உள் இழைகள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டி ஓடுவது).

முன்னால் பயாஸ், பின்னால் ரேடியல் என்று சில பைக்குகள் ஆலையிலிருந்தே வருகின்றன. அது சரி. அதைத் தலைகீழாக, முன்னால் ரேடியல் பின்னால் பயாஸ் என்று போடக் கூடாது. வளைவில் இரண்டும் வெவ்வேறு அளவில் நெளிந்து பைக் தள்ளாடும்.

ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரு சக்கர வாகன டயருக்கான தர எண் ஐஎஸ் 15627. நெடுஞ்சாலைக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட பந்தய டயர்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். அவற்றைப் போட்டுக்கொண்டு கோவில்பட்டி தாண்டக்கூட வேண்டாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், சூடேறாத பந்தய டயர் சாதாரண டயரைவிட வழுக்கும்.

படி 3: வகையை முடிவுசெய்யுங்கள்

பைக்கை ஓட்டிக்கொண்டே போகிறீர்களா, ஏற்றிக்கொண்டு போகிறீர்களா? முடிவு பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

ஓட்டிக்கொண்டு போவதானால் ஸ்போர்ட் டூரிங் வகை (நீண்ட தூரத்துக்கும் வளைவுக்கும் சேர்த்துச் செய்தது), அல்லது நடுவில் கடினமும் ஓரத்தில் மென்மையுமாக இரண்டு காம்பவுண்ட் (ரப்பர் கலவை) உள்ள ரேடியல். மிஷெலின் ரோடு 5 இந்த ரகம். டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-இல் 2020 முதல் கம்பெனியே இதைக் கொடுத்தது. எம்ஆர்எஃப் ரெவ்ஸ், டிவிஎஸ் யூரோகிரிப் புரோடார்க், அப்பல்லோ ஆல்பா எச்1, மிஷெலின் பைலட் ஸ்ட்ரீட் ரேடியல் ஆகியவையும் தினசரி ஓட்டத்துக்கும் முதல் சில டிராக் டேக்களுக்கும் தாங்கும். யூரோகிரிப் ஆலை மதுரைக்குப் பக்கத்தில் வெள்ளரிப்பட்டியில்தான் இருக்கிறது. பக்கத்து ஊர் சரக்கு என்று குறைத்து எடைபோட வேண்டாம்.

நாலைந்து டிராக் டே முடித்து, வளைவில் தொடர்ந்து ஒரே கோட்டில் ஓட்ட வந்தவர்கள் பிரெல்லி டயாப்லோ ரோஸோ வகையறாவுக்குப் போகலாம். பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு. இதற்கு மேலே ரோட்டு அனுமதியுள்ள பந்தய காம்பவுண்டுகள் இருக்கின்றன. டயர் வார்மர் (ஓட்டும் முன் டயரைச் சூடேற்றும் மின் உறை) இல்லாமல் அவற்றின் முழுப் பயன் கிடைப்பது கடினம். ஒவ்வொரு முறை நன்றாகச் சூடேறி ஆறும்போதும் அந்த ரப்பர் கொஞ்சம் கெட்டிப்படும். பள்ளம் அப்படியே இருக்கும், பிடிப்பு போயிருக்கும்.

இரண்டு பேர் சேர்ந்து ஒரு குட்டி யானை பேசி, இரண்டு பைக்கையும் ஏற்றிக்கொண்டு போனால் கதை மாறும். 740 கிலோமீட்டர் தேய்மானம் மிச்சம். விழுந்து கிளட்ச் லிவர் உடைந்தாலும் வீடு வந்து சேரலாம். மென்மையான டயர் வாங்கும் எண்ணம் இருந்தால் வாடகையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முன் டயரை மாற்றுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரம் கிடைக்காது.

படி 4: அகலத்துக்கு ஆசைப்படாதீர்கள்

பின்னால் அகல டயர் போட்டால் பிடிப்பு கூடும் என்பது நம் ஊர் நம்பிக்கை. யமஹா ஆர்15-க்கு 140/70. கேடிஎம் ஆர்சி 390-க்கு 150/60. முதல் பைக்கில் இரண்டாவது அளவைப் போட்டால் என்ன ஆகும்? 140-இல் 70 சதவீதம் 98 மில்லிமீட்டர். 150-இல் 60 சதவீதம் 90. பைக்கின் பின்பக்கம் 8 மில்லிமீட்டர் இறங்கும். அதனால் முன்பக்கம் நிமிர்ந்து, வளைவுக்குள் திரும்ப மந்தமாகும். சரி, 150/70 போடலாம் என்றால் உயரம் 105. செயினிலோ மட்கார்டிலோ உரசும் வாய்ப்பு. ரிம் குறுகலாக இருந்தால் அகல டயரின் ஓரங்கள் உள்ளே இழுக்கப்பட்டு நடு கூம்பிவிடும். அகலத்துக்குக் காசு கொடுத்துவிட்டு அகலத்தை இழப்பதுதான் மிச்சம். கம்பெனி அளவிலேயே நில்லுங்கள்.

படி 5: கடையில்

ஜங்ஷனோ வண்ணார்பேட்டையோ பாளையோ, எந்தக் கடையானாலும் டயரைக் கையில் வாங்கி டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின்னால் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். ஒரு வருஷத்துக்குள் என்றால் நல்லது. இரண்டு வருஷம் ஆனது என்றால் அண்ணாச்சியிடம் வேறு கேளுங்கள். 17 அங்குல ரேடியல்களில் சில அளவுகளை மதுரையிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். அதற்கும் பழக்கி எடுப்பதற்கும் சேர்த்து டிராக் டேக்கு மூன்று வாரம் முன்பே சொல்லிவையுங்கள்.

படி 6: மாட்டுவது

கம்பியால் நெம்பாமல், மெஷினில் மாற்றும் கடைக்குப் போங்கள். ஏபிஎஸ் பைக் என்றால் டிஸ்க்கின் பக்கத்தில் பல்பல்லாக இருக்கும் வளையத்தில் லிவர் படக் கூடாது. அது லேசாக வளைந்தாலே ஏபிஎஸ் விளக்கு எரிய ஆரம்பிக்கும். டயரோடு வால்வையும் புதிதாக மாற்றுங்கள். அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். காற்றடித்த பின் ரிம் ஓரத்தை ஒட்டிய மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். பிறகு வீல் பேலன்சிங். ஒட்டும் ஈயத்துண்டின் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டிவிடுங்கள். ஆக்ஸில் நட்டின் இறுக்கமும் செயின் தளர்வும் பைக்கின் கையேட்டில் சொன்ன அளவில் இருக்க வேண்டும்.

படி 7: பழக்கி எடுப்பது

புது டயர் வழுக்கும், முதல் 100 கிலோமீட்டர் நிதானம். கங்கைகொண்டான் வரை நேராகப் போய் வந்தால் நடுப்பகுதி மட்டும்தான் பழகும். தென்காசி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வளைவுகளில் ஒரு விடிகாலை மெதுவாகப் போய் வாருங்கள், சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. அங்கே வேகம் வேண்டாம். எதிரே கேரள லாரி வரும். சாரல் காலம் என்றால் அந்தப் பயணத்தையே தள்ளிப்போடுங்கள்.

படி 8: காற்று

டயருக்குச் செலவழித்ததில் ஒரு சிறு பங்கை நல்ல டயல் கேஜுக்கும் கால் பம்புக்கும் செலவழியுங்கள். இரண்டு பெட்ரோல் பங்க்கின் கேஜ் ஒரே எண்ணைக் காட்டாது. உங்கள் கேஜ் உண்மையைவிட ஒன்று கூடக் காட்டினாலும் பரவாயில்லை, எப்போதும் அதையே வைத்துப் பாருங்கள். நைட்ரஜன் அடித்த டயருக்குப் பச்சை மூடி போடுவார்கள். உங்களுக்கு அதனால் பெரிய வித்தியாசம் கிடையாது.

30 பி.எஸ்.ஐ. உள்ள டயரில் காற்றின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை ஏறும். பாளையில் விடிகாலை 26 டிகிரியில் அடித்த காற்று, மதியம் 38 டிகிரியில் பைக் நிழலில் சும்மா நின்றாலும் ஒன்றே முக்கால் ஏறியிருக்கும். அதனால் "எவ்வளவு வைக்கணும்" என்று கேட்டால் எப்போது அளந்தது என்பதையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

டிராக்கில் காலையில் டயர் ஆறிய நிலையில், வெயில் படும் முன் அளந்து வையுங்கள். பைக்கின் ஸ்டிக்கர் தனியாள் ஓட்ட முன் 29, பின் 33 என்று சொன்னால், ரேடியலுக்கு முன் 27, பின் 29-இல் தொடங்கலாம். பயாஸ் என்றால் இரண்டு பக்கமும் 2-க்கு மேல் குறைக்க வேண்டாம். முதல் மூன்று சுற்று மெதுவாக ஓட்டிச் சூடேற்றுங்கள். செஷன் முடிந்து உள்ளே வந்த இரண்டு நிமிடத்துக்குள், ஹெல்மெட் கழற்றும் முன், சூட்டோடு அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள்.

3, 4 ஏறியிருந்தால் சரி. ஒன்றிரண்டு மட்டும் ஏறியிருந்தால் நீங்கள் மெதுவாக ஓட்டுகிறீர்கள், அல்லது காற்று கூடுதல். ஓட்டம் பழகும்வரை எதையும் மாற்றாதீர்கள். 6-க்கு மேல் ஏறியிருந்தால் பலர் உடனே காற்றை இறக்குவார்கள். தப்பு அங்கேதான். காற்று குறைவாக இருந்தால் டயர் அதிகம் நெளியும், நெளிந்தால் அதிகம் சூடேறும், சூடேறினால் அழுத்தம் எகிறும். டயர் முழுக்க ஆறிய பின் தொடக்க அளவை ஒன்று கூட்டிப் பாருங்கள்.

பைக்கின் நடத்தையும் சொல்லும். திருப்ப கனமாக, சேற்றில் ஓட்டுவது போல இருந்தால் காற்று குறைவு. சின்ன மேடுபள்ளத்தில் துள்ளி, வளைவில் எண்ணெய் தடவியது போல நழுவினால் காற்று கூடுதல் அல்லது டயர் சூடு மிஞ்சிவிட்டது. மதிய செஷனில் தார் கொதிக்கும்போது இரண்டாவது அதிகம் நடக்கும். அப்போது நாலு சுற்று முன்னதாகவே உள்ளே வந்துவிடுவது நல்லது.

பைக்கை நிறுத்தும்போது ஒரு பக்க டயரில் வெயில் பட்டால் ஆறிய அளவு என்று நினைத்துப் பொய்யான அளவை எழுதிவிடுவீர்கள். நிழல் இல்லையென்றால் ஒரு சாக்கைப் போர்த்துங்கள்.

ஓரத்தில் தார் தொடாத பட்டை மிச்சம் இருக்கிறதே என்று சிலர் வெட்கப்படுவார்கள். அதை அழிக்க வேண்டும் என்று சாய்த்தவர்களைத்தான் டிராக் ஓரச் சரளையில் விழுந்து கிடக்கப் பார்க்கலாம். ரப்பர் மேற்பரப்பு, அழிரப்பர் தேய்த்தது போலச் சிறு துகள்களோடு சீராக இருந்தால் போதும். ஒரே பக்கம் செதில் செதிலாகக் கிழிந்திருந்தால் காற்றையும் பின் சஸ்பென்ஷனையும் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

படி 9: திரும்பும் முன்

சூட்டோடு காற்றை இறக்கியிருந்தால் சாயங்காலம் டயர் ஆறியதும் 24, 25-க்கு வந்து நிற்கும். அதோடு பல்லடம் தாண்டி நெடுஞ்சாலையில் வேகம் பிடித்தால் டயர் உள்ளுக்குள் வெந்துபோகும். பள்ளத்தில் இறங்கினால் ரிம்மும் அடிபடும். டயர் ஆறும்வரை காத்திருந்து, கால் பம்பால் ஸ்டிக்கர் அளவுக்கு ஏற்றிக்கொண்டு, டயரில் ஒட்டிய ரப்பர் உருண்டைகளையும் சரளைக் கற்களையும் ஒரு பழைய சாவியால் கிளறி எடுத்துவிட்டு வண்டியை எடுங்கள்.