வளர்ச்சிப் பொருளாதாரத்தில் முதுநிலை: ஓராண்டுப் படிப்பைச் சரியாகப் படிப்பது எப்படி

பிரிட்டனில் இது பெரும்பாலும் ஓராண்டு எம்.எஸ்ஸி. செப்டம்பர் கடைசியில் வகுப்பு தொடங்கினால் டிசம்பர் நடுவில் முதல் பருவம் முடிந்துவிடும். மே மாதத்தை ஒட்டித் தேர்வு. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஆய்வேடு. மொத்தம் 180 கிரெடிட், அதில் 60 வரை ஆய்வேட்டுக்கே போகும். போய்ச் சேர்ந்த பிறகு கணக்கைத் தூசு தட்டிக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் முதல் பருவத்திலேயே பின்தங்கிவிடுகிறார்கள். விட்டதைப் பிடிக்க அந்த ஆண்டில் இடமே கிடையாது. இந்தியாவில் இரண்டாண்டு எம்.ஏ. படிப்பவர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் உண்டு. பாடத்தின் முக்கால்வாசி ஒன்றுதான், கீழே சொல்வதும் பொருந்தும்.

முதலில், எந்தத் துறை நடத்துகிறது?

ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு வகைப் படிப்புகள் இருக்கின்றன. பொருளாதாரத் துறை நடத்துவது ஒரு வகை. கணக்கும் எகனோமெட்ரிக்ஸும்தான் (புள்ளியியலால் பொருளாதார டேட்டாவை அலசும் பாடம்) அதன் முதுகெலும்பு. வளர்ச்சி ஆய்வு நிறுவனங்கள் நடத்துவது இன்னொரு வகை. அங்கே அரசியல், சமூகவியல், கொள்கை எல்லாம் கலந்து வரும், கட்டுரைகள் அதிகம். முனைவர் பட்டமோ ஆய்வு நிறுவன வேலையோ குறி என்றால் முதல் வகை. தொண்டு நிறுவனத்திலோ அரசுத் திட்டத்திலோ பணியாற்றத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டாவதில் குறையொன்றுமில்லை. விளம்பரப் பக்கத்தை நம்பாதீர்கள். பாடக் கையேட்டைக் கேட்டு வாங்கி, எகனோமெட்ரிக்ஸ் எத்தனை கிரெடிட், அது கட்டாயமா விருப்பமா, ஆய்வேட்டில் டேட்டா வைத்து வேலை செய்தே ஆகவேண்டுமா என்று பாருங்கள். இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

போவதற்கு முன் எட்டு வாரம்

கணக்கில் வேண்டியது ஒன்றும் மலையளவு இல்லை. கட்டுப்பாட்டுடன் கூடிய உச்சப்படுத்தல் (லக்ராஞ்ச்), மேட்ரிக்ஸ் பெருக்கலும் தலைகீழும், மடக்கை, எளிய டிஃபரன்ஸ் சமன்பாடு, நிகழ்தகவில் நிபந்தனை சராசரி. இவற்றைப் பார்த்துப் புரிந்துகொள்வது வேறு, தாளில் போட்டு முடிப்பது வேறு. ஐந்து குடும்பங்களின் நிலமும் வருமானமும் என்று பத்து எண்களை எழுதி, கணினி இல்லாமல் ரிக்ரெஷன் கோட்டை (அந்தப் புள்ளிகளுக்கு மிக நெருக்கமாகப் போகும் நேர்கோடு) கையால் கண்டுபிடியுங்கள். பிறகு ஒரு மாறியை விட்டுவிட்டால் விடை எந்தப் பக்கம், எவ்வளவு சாயும் என்பதைத் தருவியுங்கள். இந்த ஒரு தருவிப்பு ஆண்டு முழுக்கக் கைகொடுக்கும். வகுப்பில் எழும் சந்தேகங்களில் பாதி இதன் மாறுவேடம்தான்.

கோட்பாட்டில், விவசாயத்தில் மிஞ்சிய உழைப்பு தொழிலுக்கு நகர்வதைச் சொல்லும் ஆர்தர் லூயிஸின் 1954 மாதிரி, மூலதனமும் வளர்ச்சியும் பற்றிய சோலோவின் 1956 மாதிரி, கிராமத்திலிருந்து நகரத்துக்கு ஏன் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்பதற்கான 1970-இன் ஹாரிஸ்-டோடாரோ, கடன் சந்தைக்கு 1981-இன் ஸ்டிக்லிட்ஸ்-வைஸ். நான்கையும் படம் போட்டு விளக்கத் தெரிந்தால் முதல் மாதம் சுலபம்.

க்ளஸ்டர் கணக்கு

எகனோமெட்ரிக்ஸில் மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. க்ளஸ்டர் என்றால் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் வீடுகளின் தொகுப்பு, ஊர் போல. 50 கிராமங்களில் கிராமத்துக்கு 20 வீடு என்று 1,000 வீடுகளைக் கணக்கெடுத்தால் உங்களிடம் 1,000 தனித்தனித் தகவல்கள் இல்லை. ஒரே ஊரில் மழையும் ஒன்று, ரேஷன் கடையும் ஒன்று, கூலியும் ஏறக்குறைய ஒன்று. ஊருக்குள் வீடுகளுக்கிடையேயான ஒட்டுறவு 0.05 என்று வையுங்கள், மிகச் சிறிய எண்தான். டிசைன் எஃபெக்ட், அதாவது மாதிரியின் பலம் எத்தனை மடங்கு குறைகிறது என்பது, 1 + (20 − 1) × 0.05 = 1.95. அதாவது அந்த 1,000 வீடுகள் கிட்டத்தட்ட 513 வீடுகளுக்குத்தான் சமம். இதைக் கவனிக்காமல் ஓட்டினால் ஸ்டாண்டர்டு எரர் (மதிப்பீட்டின் நிச்சயமின்மையின் அளவு) சிறுத்துப்போய், ஒன்றுமில்லாத இடத்தில் முடிவு உறுதி என்று காட்டும் நட்சத்திரங்கள் மின்னும்.

விதி எளிது: திட்டம் எந்த மட்டத்தில் கொடுக்கப்பட்டதோ அந்த மட்டத்தில் க்ளஸ்டர் செய்து ஸ்டாண்டர்டு எரரைக் கணக்கிடுங்கள். ஊருக்குக் கொடுத்திருந்தால் ஊர், மாவட்டத்துக்கு என்றால் மாவட்டம். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களை மட்டும் வைத்து வேலை செய்தால் க்ளஸ்டர்கள் குறைவு. அப்போது வைல்ட் பூட்ஸ்ட்ராப் (க்ளஸ்டர் குறைவாக இருக்கும்போது மறுமாதிரி எடுத்து நிச்சயமின்மையை அளக்கும் முறை) போட்டுப் பார்ப்பது பாதுகாப்பு.

இன்னொரு பொறி, திட்டத்தை எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்கள் என்பது. வாய்ப்புக் கொடுத்தவர்களில் பாதிப் பேர்தான் சேர்ந்தார்கள் என்றால் சராசரி விளைவு பாதியாகிவிடும், அதைக் காண இரண்டு மடங்கு மாதிரி போதாது, நான்கு மடங்கு வேண்டும். கால்வாசிப் பேர் என்றால் பதினாறு மடங்கு. சிறுகடன் ஆய்வுகள் பலவும் உறுதியாக எதையும் சொல்ல முடியாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆய்வுக் கட்டுரையை எங்கிருந்து படிப்பது

வாரத்துக்கு ஆறேழு கட்டுரைகள் தருவார்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தால் மூன்றைத் தாண்டமாட்டீர்கள். சுருக்கத்தைப் படித்ததும் நேரே முதல் அட்டவணைக்குப் போங்கள்: யார், எத்தனை பேர், எந்த ஆண்டு. அடுத்து முக்கிய முடிவு அட்டவணை. பிறகுதான் முறையியல் பகுதி. முன்னுரையையும் முடிவுரையையும் கடைசியில் புரட்டினால் போதும்.

டேட்டா பின்னிணைப்பை மட்டும் எப்போதும் விடாதீர்கள். அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவரும் 2001-இல் எழுதிய கட்டுரை, காலனி நாடுகளில் குடியேறிய ஐரோப்பியர்களின் இறப்பு விகிதத்தை வைத்து இன்றைய வருமானத்தைச் சொத்துரிமை, சட்டம் போன்ற சமூக நிறுவனங்களோடு இணைத்தது. மூவருக்கும் 2024-இல் நோபல் கிடைத்தது. ஆனால் மாதிரியில் இருந்த 64 நாடுகளில் 36-க்கு, வேறு நாட்டின் இறப்பு விகிதமே எடுத்து வைக்கப்பட்டிருந்ததாக டேவிட் அல்பூயி 2012-இல் சுட்டிக்காட்டினார். ஆசிரியர்கள் பதில் எழுதினார்கள், விவாதம் இன்றும் ஓயவில்லை. இரண்டு தரப்பையும் அருகருகே வைத்துப் படித்தவருக்கு, ஒரு எண் எப்படி வந்தது என்று கேட்கும் பழக்கம் தானாக ஒட்டிக்கொள்ளும்.

டேட்டாவில் கை வைக்கும்போது

இந்தியாவை எடுத்தால் தேசிய மாதிரி ஆய்வின் (என்.எஸ்.எஸ்.) சுற்றுகள், 2017-18 முதல் வரும் தொழிலாளர் ஆய்வு, 2004-05, 2011-12 என இரண்டு முறை அதே குடும்பங்களைப் போய்ப் பார்த்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வு (ஐ.எச்.டி.எஸ்.) ஆகியவை போதும். முதல் டேட்டாவாக ஐ.எச்.டி.எஸ்.ஸை எடுங்கள். முதல் சுற்றில் 41,554 குடும்பங்கள், ஆவணங்கள் தெளிவு, நேராக ஸ்டாட்டா, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள்களில் திறக்கும்.

என்.எஸ்.எஸ். அப்படியில்லை. பழைய சுற்றுகளைத் திறந்தால் எண்களை இடைவெளியின்றி நெருக்கிய டெக்ஸ்ட் கோப்புதான் வரும். எந்த விவரம் எத்தனையாவது இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்பது லேஅவுட் கோப்பில் இருக்கும். குடும்ப எண் என்று தனியாக ஒரு நிரல் இருப்பதைப் பார்த்து அதை வைத்தே இரண்டு கோப்புகளை இணைத்துவிடுவது வழக்கமான தவறு. ஒவ்வொரு ஊரிலும் 1-ஆம் எண் வீடு உண்டு! ஊர் எண், துணைப்பகுதி எண், இரண்டாம்கட்ட அடுக்கு, வீட்டு எண் எல்லாவற்றையும் ஒட்டினால்தான் ஒரு வீட்டுக்கு ஒரு அடையாளம் கிடைக்கும். இணைக்கும்போது 'பலவற்றோடு பல' என்ற வகையைத் தேர்வு செய்யவே கூடாது. மென்பொருள் பிழை காட்டாது, விடை மட்டும் குப்பையாக இருக்கும்.

வெயிட்டிலும் (மாதிரியில் உள்ள ஒரு வீடு நாட்டின் எத்தனை வீடுகளுக்குப் பிரதிநிதி என்ற எண்) ஒரு சூட்சுமம். இந்தச் சுற்றுகளில் அதற்காகக் கோப்பில் தரும் மல்டிப்ளையரை அப்படியே போடக்கூடாது. என்எஸ்எஸ், என்எஸ்சி என்ற இரண்டு நிரல்களிலும் ஒரே எண் இருந்தால் 100-ஆலும், வேறுபட்டால் 200-ஆலும் வகுக்கவேண்டும். செய்தது சரியா என்று பார்க்க ஒரே சோதனை: வெயிட்டைக் குடும்ப அளவால் பெருக்கிக் கூட்டுங்கள். நாட்டின் மக்கள்தொகைக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் சரி. நூறு மடங்கு வந்தால் வகுக்க மறந்துவிட்டீர்கள்.

சுற்றுகளை ஒப்பிடும் முன் கேள்வித்தாளைப் பாருங்கள். 1999-2000 சுற்றில் உணவுச் செலவை 7 நாளுக்கும் 30 நாளுக்கும் ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் கேட்டார்கள். ஒரு பதில் இன்னொன்றைச் சாயவைத்தது. 1993-94-இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26-ஆக இறங்கியதாக அரசு சொன்னதும், இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கேள்வித்தாள் செய்த வேலை என்று பெரிய வாக்குவாதம் எழுந்தது. 2022-23 நுகர்வுச் செலவு ஆய்வில் ஒரே வீட்டுக்கு மூன்று முறை போனார்கள். 2011-12-உடன் கோடு போட்டு இணைக்குமுன் இதைக் குறிப்பிடாத ஆய்வேட்டைத் தேர்வாளர் அங்கேயே பிடித்துவிடுவார்.

உலக வங்கியின் வறுமைக்கோடும் இப்படித்தான். நாளுக்கு 1.90 டாலராக இருந்தது 2022-இல் 2.15, 2025 ஜூனில் 3 டாலர் ஆனது. விலை அடிப்படை ஆண்டு 2011, 2017, 2021 என்று மாறியது. இது சந்தை மாற்று விகித டாலர் இல்லை, வாங்குதிறன் டாலர். 3 டாலரை 2025-இன் சந்தை விகிதமான ஏறக்குறைய 85-ஆல் பெருக்கி நாளுக்கு 255 ரூபாய் என்று எழுதுபவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். 2021 விலையில் உண்மையான தொகை அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு.

வளரும் சந்தைகள்

'எமர்ஜிங் மார்க்கெட்' என்ற பெயரை 1981-இல் உலக வங்கிக் குழுமத்தில் தனியார் முதலீட்டைக் கவனிக்கும் ஐ.எஃப்.சி.யில் வேலை பார்த்த அன்டோய்ன் வான் அக்ட்மேல் முதலீட்டாளர்களை ஈர்க்கச் சூட்டினார். பங்குச் சந்தைக் குறியீடுகள் வெளியிடும் எம்.எஸ்.சி.ஐ. நிறுவனத்தின் வளரும் சந்தைக் குறியீடு 1988-இல் வந்தது. ஆகவே இது வருமான வகைப்பாடு கிடையாது. வெளிநாட்டுப் பணம் எவ்வளவு தடையின்றி உள்ளே வந்து வெளியே போகலாம் என்பதும் இதில் முக்கிய அளவுகோல். பணக்கார நாடான தென்கொரியா எம்.எஸ்.சி.ஐ. பட்டியலில் இன்னும் எமர்ஜிங், இன்னொரு குறியீட்டு நிறுவனமான எஃப்.டி.எஸ்.இ.யின் பட்டியலில் வளர்ந்த சந்தை. பாகிஸ்தான் 2021-இல் எம்.எஸ்.சி.ஐ. பட்டியலில் எமர்ஜிங்கிலிருந்து அதற்கும் கீழான ஃப்ரான்டியருக்கு இறங்கியது. கட்டுரை எழுதும்போது எந்தப் பட்டியல் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்தப் பாடத்தை மனப்பாடம் செய்து பயனில்லை, ஒரு நாட்டின் நெருக்கடியை எடுத்து எண்களால் பிரியுங்கள். இலங்கை நல்ல உதாரணம். 2007-இல் முதல் சர்வதேசக் கடன் பத்திரம், 50 கோடி டாலர். 2019 கடைசியில் மதிப்புக்கூட்டு வரி 15-லிருந்து 8 சதவீதமாகக் குறைந்தது. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள், அதாவது அதன் மாற்று விகிதத்தைச் சந்தையிடம் விட்டார்கள். ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவது நிறுத்தப்பட்டது.

இதில் மாற்று விகிதம் என்ன செய்கிறது என்று பார்க்க ஒரு சிறு கணக்கு. கடன் ஜி.டி.பி.யில் 100 சதவீதம், அதில் பாதி டாலரில் என்று வையுங்கள் (எளிமைக்காக எடுத்த எண்கள் இவை). டாலர் 200 ரூபாயிலிருந்து 360-ஆக ஏறினால், அதாவது 80 சதவீதம், டாலர் பாதி 50-லிருந்து 90 ஆகும். ஒரு ரூபாய்கூடப் புதிதாகக் கடன் வாங்காமல் மொத்தம் 140. உள்நாட்டு விலைவாசி ஏறும்போது ஜி.டி.பி.யும் ரூபாயில் வீங்கும், விகிதம் கொஞ்சம் இறங்கும். ஆனால் டாலரில் வட்டி கட்டவேண்டிய தேதி காத்திருக்காது. பிறகு வழக்கமான கடன் சமன்பாட்டைப் போடுங்கள்: உண்மை வட்டி 4, வளர்ச்சி 2, கடன் 100 என்றால் அதே இடத்தில் நிற்கவே ஆண்டுக்கு ஜி.டி.பி.யில் ஏறக்குறைய 2 சதவீதம் முதன்மை உபரி (வட்டியைச் சேர்க்காத செலவு போக அரசு வரவில் மிஞ்சுவது) வேண்டும்.

ஒப்பீட்டுக்கு 2013 இந்தியா. நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 2012-13-இல் 4.8 சதவீதம். மே மாதம் அமெரிக்க மத்திய வங்கி பத்திரம் வாங்குவதைக் குறைக்கலாம் என்று சொன்னதுமே ரூபாய் சரிந்து ஆகஸ்ட் 28-இல் டாலருக்கு 68-ஐத் தாண்டியது. ஆனால் இந்திய அரசின் கடனில் பெரும்பகுதி ரூபாயில். அதனால் அது வலியோடு நின்றது, திவாலாகவில்லை.

ஆய்வேடு

பிப்ரவரிக்குள் கேள்வியும் மார்ச்சுக்குள் டேட்டாவும் கையில் இருக்கட்டும். சொந்தமாகக் கள ஆய்வு செய்ய ஆசை வரும். பல்கலைக்கழகத்தின் நெறிமுறை அனுமதிக்கே வாரக்கணக்கில் ஆகும். மீதி நாளில் 30 பேரைப் பேட்டி எடுத்தால் எந்த விளைவையும் அளக்க முடியாது. ஊர்களைப் பற்றி எழுதத்தான் வேண்டும் என்றால் ஏற்கெனவே பலமுறை ஆராயப்பட்ட ஊரை எடுங்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் மாணவர்களை அனுப்பிக் கணக்கெடுத்த தமிழகக் கிராமங்களில் ஒன்றான இருவேல்பட்டை அதன்பின் பல தலைமுறை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்திருக்கிறார்கள், ஒப்பிட நூறாண்டு விவரம் கிடைக்கும்.

மற்றவர்களுக்குப் பாதுகாப்பான வழி: டேட்டாவும் நிரலும் பொதுவில் கிடைக்கும் ஒரு கட்டுரையை எடுத்து அதன் முக்கிய அட்டவணையை அப்படியே மறுபடி உருவாக்குங்கள். அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் இதழ்கள் டேட்டாவைக் கொடுக்கச் சொல்கின்றன. எண்கள் பொருந்திய பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: வேறு நாடு, வேறு ஆண்டு, அல்லது பெண்களுக்கு மட்டும். இதற்கே 10,000 சொல் போதாது.

கோப்புகளில் ஒழுங்கு வேண்டும். மூல டேட்டாவை ஒருபோதும் திருத்திச் சேமிக்காதீர்கள். சுத்தம் செய்ய ஒரு டூ-ஃபைல் (ஸ்டாட்டா கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் கோப்பு), மாறிகள் உருவாக்க ஒன்று, அட்டவணைகளுக்கு ஒன்று, மூன்றையும் வரிசையாக ஓட்ட நாலாவது. கடைசி வாரத்தில் அந்த நாலாவதை ஒருமுறை முழுக்க ஓட்டி, வந்த அட்டவணைகளை ஆய்வேட்டில் இருப்பவற்றோடு வரிக்கு வரி ஒப்பிட்டுவிட்டுச் சமர்ப்பியுங்கள்.