ஹக்கிள்பெரி ஃபின் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்க் ட்வைன் என்றதும் அவருடைய சிறுவர் நாவல் 'டாம் சாயர்' நினைவுக்கு வந்து, 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலையும் சிறுவர் கதை என்று பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறார்கள். 1885இல் அமெரிக்காவில் வெளியான இந்த நாவலில், குடிகார அப்பனிடமிருந்து தப்பிய ஹக்கும், தன்னை விற்கப்போகிறார்கள் என்று தெரிந்து ஓடிவந்த அடிமை ஜிம்மும் மிசிசிப்பி ஆற்றில் தெப்பத்தில் போகிறார்கள். வழியெல்லாம் கொலையும் மோசடியும்தான்.

ஹக் சொல்வதையெல்லாம் ட்வைனின் கருத்தாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. அடிமை முறையைச் சரியென்று கற்பித்த ஊரில் வளர்ந்த பையன் அவன். ஜிம்மைக் காப்பாற்றுவது பாவம் என்றே நம்புகிறான். 31ஆம் அத்தியாயத்தில் ஜிம் இருக்கும் இடத்தை அவன் எஜமானிக்குச் சொல்லிக் கடிதம்கூட எழுதிவிடுகிறான். அப்புறம் ஜிம் காட்டிய அன்பு நினைவுக்கு வருகிறது. 'சரி, நரகத்துக்கே போகிறேன்' என்று கிழித்துப் போடுகிறான். தான் செய்தது நல்ல காரியம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் நம்மை உலுக்குகிறது.

இந்த நாவலுக்கு வந்த எதிர்ப்புகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. 1885இல் மாசசூசெட்ஸின் கான்கார்ட் நூலகம் இதை விலக்கியது கொச்சையான, முரட்டுத்தனமான புத்தகம் என்பதால். பிற்காலத்தில் கறுப்பினப் பெற்றோர் எழுப்பிய கேள்வி வேறு. கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் வசைச்சொல் இதில் 200 தடவைக்கு மேல் வருகிறது. வகுப்பில் உரக்கப் படிக்கும்போது அங்கே உட்கார்ந்திருக்கும் கறுப்பினக் குழந்தை என்ன பாடுபடும்? ஆசிரியரின் நோக்கம் நல்லது என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. அதற்காக 2011இல் வந்த ஒரு பதிப்பு அந்தச் சொல்லை 'அடிமை' என்று மாற்றியதையும் என்னால் ஏற்க முடியவில்லை. நாவலில் நல்லவர்கள் என்று பெயரெடுத்தவர்கள்கூட அந்த வசைச்சொல்லைச் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். அதை அழித்தால், அந்த ஊர் இருந்ததைவிட நல்ல ஊராகத் தெரியும்.

ஜிம்மை வெறும் அப்பாவியாகப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். மூடுபனியில் பிரிந்து, திரும்பி வந்த ஹக், எல்லாம் நீ கண்ட கனவு என்று அவனை ஏய்க்கிறான். நண்பனை அவமானப்படுத்துகிறவன் குப்பை என்று முகத்துக்கு நேரே சொல்கிறான் ஜிம். ஹக் மன்னிப்புக் கேட்கிறான். 23ஆம் அத்தியாயத்தில், கதவைச் சாத்தச் சொல்லியும் கேட்கவில்லை என்று தன் நான்கு வயது மகளை அறைந்ததையும், காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்ததையும் சொல்லி அழுகிறான். இந்தப் பக்கங்களைத் தாண்டி ஓடாதீர்கள்.

நாவல் பிடித்தவர்கள் அதன் முடிவுக்கும் சாக்குச் சொல்லத் தேவையில்லை. ஜிம்முக்கு ஏற்கெனவே விடுதலை கிடைத்துவிட்டது என்று தெரிந்தே ஹக்கின் நண்பன் டாம் சாயர், அடைபட்டுக் கிடக்கும் அவனைத் தப்பவைப்பதாக விளையாடுகிறான். ட்வைனும் அதை வேடிக்கையாக நீட்டுகிறார். அங்கே அவர் ஜிம்மைக் கைவிட்டுவிட்டார். 2024இல் பெர்சிவல் எவரெட் இதே கதையை ஜிம்மின் வாயால் சொல்லி 'ஜேம்ஸ்' என்ற நாவலை எழுதினார், அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசும் பெற்றார். ட்வைனுக்குப் பதிலாக அதைப் படிக்காமல், ட்வைனை முடித்த கையோடு படியுங்கள்.