கோயில் கொடைத் திருவிழா மேடையில் டிரம்ஸ் கணீரென்று கேட்க

மைக்கைத் தொடுவதற்கு முன் டிரம்மை டியூன் பண்ணுங்கள். தொளதொளவென்று கிடக்கும் ஹெட்டை (டிரம்மின் தோலை) எந்த மிக்ஸரும் காப்பாற்றாது.

ஹெட்டை இழுத்துப் பிடிக்கும் போல்ட்டுகளை எல்லாம் விரலாலேயே இறுகும்வரை திருகிவிட்டு, அப்புறம் டிரம் கீயால் (போல்ட் திருகும் சாவியால்) ஒன்று, அதற்கு நேர் எதிரே ஒன்று என்று மாற்றி மாற்றி அரைச் சுற்று கொடுங்கள், வரிசையாகச் சுற்றி வந்தால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஓர் அங்குலம் உள்ளே குச்சியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே சுருதி வரும்வரை விடாதீர்கள். பாதி வேலை இதுதான். டாமில் (கிட்டில் ஸ்னேர், கிக் தவிர்த்த மற்ற டிரம்களில்) மேல் ஹெட்டும் அடி ஹெட்டும் ஒரே சுருதியில் இருந்தால் நீளமாக ரீங்கரிக்கும். அடி ஹெட்டின் சுருதியைக் கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் அடங்கும், கொடை மேடைக்கு இதுதான் சரி. சித்திரை வெயிலில் பகலெல்லாம் கிடந்த கிட் (டிரம்ஸ் செட்) என்றால், வெயில் தாழ்ந்தபின் இன்னொரு தடவை டியூன் பாருங்கள்.

சரி, மைக். ஸ்னேருக்கு (அடியில் கம்பிச் சரம் உள்ள டிரம்முக்கு) எஸ்எம்57 என்ற மைக் போதும்: விளிம்புக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில், நடுவைப் பார்த்து, மைக்கின் முதுகு ஹை-ஹாட் (மிதித்து வாசிக்கும் ஜோடித் தட்டு) பக்கம். கிக்கில் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மில்) முன் ஹெட் ஓட்டை வழியாக மைக்கை உள்ளே நுழைத்தால் அடி சுருக்கென்று கேட்கும், வெளியே இழுத்தால் கனம் கூடும். ஓவர்ஹெட் (கிட்டுக்கு மேலே தொங்கும் மைக்) இரண்டும் ஸ்னேர் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும், ஒரு நூலைப் பிடித்து அளந்துவிடுங்கள். தென்காசிப் பக்கம் ஆனி, ஆடியில் வாசித்தால் காற்றுக்கு ஃபோம் உறை கட்டாயம்.

பாளையங்கோட்டையில் உயரமான கூரை உள்ள சர்ச் என்றால் கிக்குக்கும் ஸ்னேருக்கும் மட்டும் மைக் வையுங்கள், சிம்பல் தட்டுகளைக் கட்டிடமே பார்த்துக்கொள்ளும்.